பழைய செயின்சாவைப் புதுப்பித்துப் பெயிண்ட் அடிப்பது: ஹோம்லைட் எக்ஸ்எல்-12-ஐ வைத்து ஒரு முழு வழிகாட்டி

பழைய செயின்சாவைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் வாங்குவது ஸ்ப்ரே டப்பாவைத்தான். வாங்க வேண்டியது கார்புரேட்டர் கிட். எஞ்சின் ஒழுங்காக ஓடுவதைப் பார்க்காமல் அடித்த பெயிண்ட் நிற்காது. பிறகு கார்புரேட்டருக்காக நாலு முறை கழற்றிப் பூட்டுவீர்கள், பெட்ரோல் வழியும், ஸ்பேனர் வழுக்கும், புது வண்ணம் கண்ணெதிரே உரியும். அதனால் வேலை இரண்டு சுற்றாக நடக்க வேண்டும். முதல் சுற்றில் அழுக்கோடும் துருவோடும் ஓட வையுங்கள். ஓடியது உறுதியான பிறகு முழுக்கக் கழற்றிப் பெயிண்ட் அடியுங்கள்.

எதை எடுப்பது

தொடங்குகிறவருக்கு 50 முதல் 60 சிசி வரையுள்ள, ஒருவர் தூக்கக்கூடிய ரம்பம் ஏற்றது. இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் ஹோம்லைட் எக்ஸ்எல்-12. 1960-களின் முற்பகுதியில் சந்தைக்கு வந்தது, 54 சிசி. பெயரிலுள்ள 12 அதன் எடை: பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), செயின் இல்லாமல் 12 பவுண்டு, ஏறத்தாழ 5.4 கிலோ. 1949-ல் வந்த மெக்குல்லா 3-25 ரம்பம் 25 பவுண்டு எடைக்கே 'லேசானது' என்று பேர் வாங்கியது என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய தாவல் என்று புரியும். அந்த எடைக்குறைவு வந்தது மக்னீசியம் உடலால். இந்த மக்னீசியம்தான் கழுவுவது முதல் பெயிண்ட் வரை ஒவ்வொரு முடிவையும் தீர்மானிக்கப் போகிறது.

ஹோம்லைட் நீண்ட காலம், பெரிய எண்ணிக்கையில் செய்த மாடல் என்பதால் உதிரிபாகம் கிடைக்கும். மெக்குல்லா 10-10-ம் இதே வகுப்பு, அதற்கும் இதே முறைதான். ஆசிய மரக்கடைகளில் அடிபட்டுக் கிடக்கும் ஸ்டில் 070-ஐ எடுக்கலாமே என்று தோன்றும். அது 106 சிசி. ஸ்டார்ட்டர் கயிறு திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும், முதல் வேலைக்கு வேண்டாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கயிற்றை மெல்ல இழுங்கள். எஞ்சின் சுற்றுகிறதா, எங்காவது பிடிக்கிறதா? சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்து பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். கடைசலின் மெல்லிய கோடுகள் மங்காமல் தெரிந்தால் அருமை. மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால் ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறார்கள், விலையைப் பாதியாகக் கேளுங்கள். பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, திராட்டிலை முழுதாகத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை இழுங்கள். 120 பிஎஸ்ஐ-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 90-க்குக் கீழே என்றால் ரிங் மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து, பெட்ரோல் டேங்கின் அடிப்பகுதி. தண்ணீர் தேங்கிய மக்னீசியம் வெள்ளைப் பொடியாக அரித்து, ஊசித்துளை விழுந்திருக்கும். ஸ்குரூடிரைவர் முனையால் சுரண்டினால் உதிர்கிற உடலைத் தொடாதீர்கள். மற்ற எதையும் மாற்றலாம், உடலை மாற்றினால் அது வேறு ரம்பம்.

சுற்றவே சுற்றாத எஞ்சினாக இருந்தால் பிளக் துளை வழியாக ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவில் கலந்து 20 மில்லி ஊற்றி, மூன்று நாள் விடுங்கள். அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகும், தினமும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். பிறகு மேக்னட்டை (காந்தம் பதித்த சுழல்சக்கரத்தை) கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். அதன் விசிறி இதழ்களில் லீவர் கொடுத்தால் இதழ் முறியும், முறிந்த மேக்னட் பேலன்ஸ் இழந்து பேரிங்கைத் தின்னும்.

முதல் சுற்று: ஓட வைப்பது

தீப்பொறியில் தொடங்குங்கள். எக்ஸ்எல்-12-ன் பழைய மாடல்களில் மேக்னட்டுக்கு அடியில் பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) இருக்கும். பல வருடம் சும்மா கிடந்த பாயிண்டில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்திருக்கும். தீப்பொறி வராத பழைய ரம்பங்களில் பெரும்பாலும் இதுதான் கோளாறு, காயிலைக் குறை சொல்லி வாங்கப் போய்விடாதீர்கள். 600 நம்பர் எமெரித் துண்டை மடித்துப் பாயிண்டுக்கு நடுவே இரண்டு இழு இழுத்து, பிறகு காண்டாக்ட் கிளீனரில் நனைத்த வெள்ளை அட்டையை இழுங்கள். அட்டை கறுக்காமல் வரும்வரை செய்ய வேண்டும். எமெரித் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் மறுபடி பொறி வராது. பாயிண்ட் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் இடைவெளி 0.63 மி.மீ. இன்னும் பொறி இல்லையென்றால் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். ஒயரின் உறை உரிந்து உடலில் உரசினாலே பொறி செத்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் கண்டன்சர், கடைசியாகத்தான் காயில்.

மேக்னட்டைக் கழற்ற எஞ்சின் சுற்றாமல் நிற்க வேண்டும். பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை நுழைப்பதுதான் பாதுகாப்பான வழி. பிஸ்டன் மேலேறி எக்ஸாஸ்ட் வாயை முழுதாக மூடிய பிறகே கயிற்றை விடுங்கள். முன்பே விட்டால் கயிறு வாய்க்குள் சிக்கி ரிங்கை உடைக்கும். மேக்னட் நட்டைத் தளர்த்தி, மரை முனையோடு சமமாக நிற்கவிட்டு, புல்லர் போடுங்கள். கிளட்ச் பக்கம் பெரும்பாலான ரம்பங்களில் இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். கிளட்சின் மேல் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்காமல் பலம் காட்டாதீர்கள்.

அடுத்தது எரிபொருள் வழி. பழைய ரப்பர் குழாய் கல்லாகியிருக்கும், அல்லது தார்போல இளகியிருக்கும். இந்த மாடலில் குழாய் டேங்கின் சுவரிலுள்ள துளைக்குள் இறுக்கமாக நுழைந்து சீல் ஆகிறது. துளையைவிடச் சற்றுப் பருத்த குழாயை எடுத்து, முனையைச் சாய்வாகச் சீவி, 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் தடவி, மறுபக்கமிருந்து குறடால் இழுங்கள். சீவிய முனையைப் பிறகு வெட்டிவிடலாம். நுனியில் புது ஃபில்டர். டேங்க் மூடியின் காற்றுத் துளையும் திறந்திருக்க வேண்டும். அது அடைத்திருந்தால் ரம்பம் ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, மூச்சடைத்து நிற்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் நோய் அதுவே.

கார்புரேட்டர் டில்லாட்சன் எச்எஸ் வகை. கிட் மாற்றும்போது அடுக்கு வரிசை மாறினால் எஞ்சின் ஓடாது. மீட்டரிங் பக்கம் (பெட்ரோலை அளந்து விடும் பக்கம்) முதலில் கேஸ்கெட், அதன்மேல் டயப்ரம் என்ற மெல்லிய சவ்வு. பெட்ரோலை இழுக்கும் பம்ப் பக்கம் தலைகீழ்: டயப்ரம் கார்புரேட்டர் உடலைத் தொட வேண்டும், கேஸ்கெட் மூடியை ஒட்டி. மீட்டரிங் லீவர் அதன் அறையின் தரையோடு சமமாக இருக்க வேண்டும். சின்ன இரும்பு ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பார்த்தால் தெரியும். உயர்ந்திருந்தால் பெட்ரோல் பொங்கும், தாழ்ந்திருந்தால் பட்டினி. ஜெட் துளைகளில் கம்பி விடாதீர்கள், கிளீனரும் காற்றும் போதும். மூடிய பின் பெட்ரோல் வாயில் 0.5 பார் அழுத்தம் கொடுங்கள். கேஜ் முள் அசையாமல் நின்றால் பெட்ரோல் வழியை மூடும் நீடில் சரியாக அமர்ந்திருக்கிறது.

எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) திருகுகள் இரண்டையும் மெல்ல மூடி, ஒரு சுற்று திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். எண்ணெய்க் கலவையில் குழப்பம் வேண்டாம். உடலிலுள்ள பழைய ஸ்டிக்கர் 16:1 என்று சொல்வது அந்தக் கால 30 நம்பர் எஞ்சின் ஆயிலுக்கானது. இன்றைய 2டி ஆயிலுக்கு 32:1 போதும், லிட்டருக்கு 31 மில்லி. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய டயப்ரத்தையும் டேங்கையும் சேர்த்துக் கெடுக்கும். வேறு கிடைக்காவிட்டால் ஓட்டி முடித்த அன்றே வடித்துவிடுங்கள்.

எஞ்சினுக்குள்

ஐட்லிங் தானாக ஏறி இறங்குகிறதா? சூடானதும் வேகம் எகிறுகிறதா? காற்று எங்கோ புகுகிறது. எக்ஸாஸ்ட்டையும் இன்டேக்கையும் ரப்பர் தகடால் அடைத்து, 0.5 பார் அழுத்தமும், பிறகு அதே அளவு வேக்குவமும் கொடுத்துச் சோதியுங்கள். இரண்டும் அரை நிமிடம் நிற்க வேண்டும். அழுத்தம் நின்று வேக்குவம் நிற்காவிட்டால் கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது, ஏனென்றால் தேய்ந்த சீலின் உதடு உள்ளழுத்தத்தில் தண்டோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சும்போது விட்டுவிடும். அழுத்தச் சோதனையோடு நிறுத்திக்கொள்பவர்கள் புது பிஸ்டனையும் எரிப்பது இதனால்தான்.

சிலிண்டரின் உட்சுவரில் அலுமினியம் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து வந்தது, அடியிலுள்ள குரோம் பூச்சு நன்றாக இருக்கலாம். சிலிண்டரைத் தனியாகக் கழற்றி, பஞ்சுக் குச்சியால் மியூரியாட்டிக் (ஹைட்ரோகுளோரிக்) ஆசிட்டை ஒட்டிய இடத்தில் மட்டும் தொடுங்கள். நுரைக்கும். துடைத்து மறுபடி தொடுங்கள். நுரை நின்றால் அலுமினியம் போய்விட்டது. சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, 220 உப்புத்தாளால் குறுக்குவாட்டில் லேசாகத் தேயுங்கள். வாய்களின் ஓரம் வெற்று அலுமினியம், அங்கே ஆசிட் பட்டால் அரிக்கும். குரோமே உரிந்திருந்தால் அந்தச் சிலிண்டர் கதை முடிந்தது. ஆசிட் பாட்டிலை மக்னீசியம் பாகங்கள் இருக்கும் மேஜைக்கே கொண்டுவராதீர்கள்.

பூட்டும்போது பிஸ்டன் பின்னின் சர்க்ளிப்பைப் புதிதாகப் போடுங்கள், அதன் வாய் மேலே அல்லது கீழே நோக்க வேண்டும், பக்கவாட்டில் வேண்டாம். பிஸ்டனில் அம்புக்குறி இருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம்.

இரண்டாம் சுற்று: கழுவுதல், உரித்தல்

கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஸ்டிக்கர்களைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நேர்க்கோணத்தில் எடுங்கள், பிறகு புது ஸ்டிக்கர் அச்சடிக்க அந்த அளவுதான் ஆதாரம். வண்ணத்துக்கும் இப்போதே சாட்சி எடுத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்எல்-12 நீலத்திலும் வந்தது, சிவப்பிலும் வந்தது. வெளியே தெரியும் நிறம் வெயிலில் வெளுத்தது. கைப்பிடிக் கிளாம்பைக் கழற்றினால் அடியில் விரலகலத்துக்கு, தொழிற்சாலையில் அடித்த அன்றைய நிறம் பளிச்சென்று இருக்கும். பெயிண்ட் கலக்கும் கடைக்கு அந்தத் துண்டைத்தான் எடுத்துப் போக வேண்டும்.

இரும்பு போல்ட் மக்னீசியத்தோடு வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் இறுகியிருக்கும். ஹாட் ஏர் கன்னால் சுற்றுப்புறத்தைச் சூடாக்கி, இம்பாக்ட் டிரைவரால் தட்டிக் கழற்றுங்கள். நெருப்புச் சுவாலை வேண்டாம். இந்த ரம்பத்தில் அமெரிக்க அங்குல மரை. 10-24 திருகு 4.83 மி.மீ., அந்தத் துளையில் 5 மி.மீ. மெட்ரிக் போல்ட் 'கொஞ்சம் இறுக்கமாக' ஏறுவதுபோல் தோன்றும், இரண்டாவது திருகலில் மரையை அழிக்கும். அழிந்த மரைக்கு ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச்சுருள்) போடலாம்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெயும் தூரிகையும், பிறகு வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம். வினிகர், துரு நீக்கி, எந்த ஆசிட்டும் மக்னீசியத்தைக் கரைக்கும். காஸ்டிக் சோடா மக்னீசியத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் சிலிண்டர் போன்ற அலுமினியப் பாகத்தைத் தின்றுவிடும். எது எந்த உலோகம் என்று தெரியாவிட்டால் இரண்டையும் தவிர்த்து, கடையில் கிடைக்கும் ஜெல் பெயிண்ட் ரிமூவரைப் பூசி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள்.

மக்னீசியத்தைக் கிரைண்டரிலோ வயர் வீலிலோ கொடுக்கக் கூடாது. அதன் நுண்தூள் பற்றிக்கொள்ளும், அதுவும் முன்பு இரும்பு தேய்த்த கிரைண்டரில் பொறி பறந்தால் நிச்சயம் ஆபத்து. பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹைட்ரஜன் வெளியாகி இன்னும் பொங்கும். உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். கையால் உப்புத்தாள் போட்டால் நேரம் ஆகும், ஆனால் வீடு நிற்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, ஈரமாக்கிச் சுரண்டுங்கள்.

பிரைமரும் பெயிண்டும்

உரித்த மக்னீசியம் அன்றே மங்கத் தொடங்கும். அதனால் உரித்த நாளிலேயே பிரைமர் ஏற வேண்டும். 320 உப்புத்தாள், அசிட்டோன் துடைப்பு, அதன்பின் வெறும் கை படக் கூடாது. இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர்தான் சரியான தேர்வு, மெல்லிய இரண்டு கோட். சாதாரண பிரைமர் மக்னீசியத்தைப் பிடிக்காது, ஆறு மாதத்தில் தோல்போல உரிந்துவரும். அரிப்புக் குழிகளை நிரப்ப வேண்டுமென்றால் பட்டியை எபாக்சியின் மேல் வையுங்கள், வெற்று உலோகத்தில் வேண்டாம்.

எங்கே அடிக்கக் கூடாது என்பது எங்கே அடிப்பது என்பதைவிட முக்கியம். கேஸ்கெட் அமரும் முகங்கள், பேரிங் குழிகள், மரைத் துளைகள், சிலிண்டரின் அடித்தளம் எல்லாவற்றையும் டேப்பால் மறைத்து, விளிம்பைப் பிளேடால் சுத்தமாக வெட்டுங்கள். காயில் உட்காரும் இடமும் சுவிட்ச் உட்காரும் இடமும் வெற்று உலோகமாக இருக்க வேண்டும், மின்சாரம் திரும்பும் பாதை அந்த உடல்தான். முதல் சுற்றில் அழகாக ஓடிய எஞ்சின் பெயிண்டுக்குப் பிறகு பொறியே தராமல் போனால் முதலில் சுரண்டிப் பார்க்க வேண்டியது இந்த இரண்டு இடங்களை. போல்ட் தலை அமரும் வட்டத்திலும் தடித்த பெயிண்ட் கூடாது. அது நாளடைவில் நசுங்கி போல்ட் தளரும்.

வண்ணத்துக்கு, பெட்ரோலைத் தாங்கும் பெயிண்ட்தான் ஒரே நிபந்தனை. கடையின் சாதாரண அக்ரிலிக் ஸ்ப்ரே பெட்ரோல் பட்டதும் இளகி விரலில் வரும். ஹார்டனர் கலக்கும் பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட் தாங்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க் எதையும் தடுக்காது. தனிக் காற்று வரும் மாஸ்க் இல்லையென்றால் பாகங்களை வாகனப் பெயிண்ட் பூத்தில் கொடுத்து அடித்து வாங்குங்கள். அதற்கு வழியில்லாதவர்களுக்கு எஞ்சின் எனாமல் இருக்கிறது: சற்று மென்மையானது, டப்பாவில் சொன்னபடி சூடேற்றிக் காய வைத்தால் போதுமான அளவு தாங்கும். எதை அடித்தாலும் முதலில் ஒரு தகரத்தில் அடித்து, ஒரு வாரம் காயவிட்டு, கலவைப் பெட்ரோலில் நனைத்த பஞ்சை அதன்மேல் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

எபாக்சி 24 மணி நேரம் காய்ந்ததும் 400 நம்பரால் ஈரத் தேய்ப்பு. பிறகு 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து மூன்று மெல்லிய கோட், நடுவே 10 முதல் 15 நிமிடம். முதல் கோட்டில் அடிநிறம் தெரியத்தான் வேண்டும். ஒரேயடியாக மூட நினைத்தால் கைப்பிடி வளைவில் ஒழுகும். மழை நாளில் அடித்தால் வெண்படலம் படரும்.

பவுடர் கோட்டிங் எப்படி? பழைய மக்னீசிய வார்ப்பு 180 டிகிரிக்கு மேல் சூடாகும்போது உள்ளிருக்கும் எண்ணெயையும் காற்றையும் கக்கி, பூச்சில் கொப்புளம் விடும். முன்கூட்டியே ஒருமுறை சுட்டெடுக்கத் தெரிந்த கடையாக இருந்தால் மட்டும் கொடுங்கள். சிலிண்டர் துடுப்புகளுக்கு வெப்பம் தாங்கும் கறுப்பை மூடுபனிபோல ஒரு கோட், அதற்குமேல் அடித்தால் சூடு வெளியேறாது. சைலன்சருக்கு 600 டிகிரி பெயிண்ட். சீரியல் எண் உள்ள உலோகத் தகட்டைப் பிடுங்காமல் டேப் போட்டு மறைத்துவிடுங்கள்.

ஸ்டிக்கரை சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்யலாம். ஒருநாள் காயவிட்டு, மேலே ஹார்டனர் கலந்த கிளியர். முதல் கோட் தூசிபோல மெல்லியதாக இருக்கட்டும், ஈரமாக அடித்தால் ஸ்டிக்கரின் மை சுருங்கும்.

பூட்டுதல், பார், செயின்

பெயிண்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், நகம் பதியும். ஒரு வாரம் பொறுங்கள். ஒவ்வொரு இரும்பு போல்ட்டிலும் ஆன்டி-சீஸ் (இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) தடவுங்கள், வாஷர் இல்லாமல் எதையும் இறுக்காதீர்கள். கேஸ்கெட் கிடைக்காவிட்டால் 0.5 மி.மீ. கேஸ்கெட் பேப்பரை முகத்தின்மேல் வைத்து உருண்டைத்தலைச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டினால் வடிவம் தானே வெட்டுப்படும். மரையோ பேரிங்கோ உள்ள பாகத்தில் வெகு மெல்லத் தட்டுங்கள்.

பாரின் இரு விளிம்பையும் தட்டையரத்தால் சமமாக்குங்கள், ஒரு விளிம்பு தாழ்ந்திருந்தால் ரம்பம் வளைந்து அறுக்கும். ஆயில் துளையைக் குத்தித் திறங்கள். செயினின் பிட்ச் 3/8 அங்குலம் என்றாலும் .404 என்றாலும் 5.5 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி கோணம். டெப்த் கேஜ் (ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாலுள்ள மேடு) வெட்டும் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வு. ஸ்பிராக்கெட்டில் செயின் பள்ளம் 0.5 மி.மீ.க்கு மேல் விழுந்திருந்தால் மாற்றுங்கள், பழைய ஸ்பிராக்கெட் புதுச் செயினையும் இழுத்துக் கெடுக்கும்.

கடைசி ட்யூனிங் மரத்தில்தான். முழுத் திராட்டிலில் சுமை இல்லாமல் எஞ்சின் சற்றுக் கரகரவென்று, விட்டுவிட்டு வெடிப்பதுபோல் ஒலிக்க வேண்டும். செயின் மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும். வெளியிலேயே கீச்சென்று தெளிவாக ஓடினால் எச் திருகை கால் சுற்று திறங்கள், எண்ணெய் போதாமல் பிஸ்டன் உருகும். ஐட்லிங்கில் செயின் ஓடக் கூடாது. ஓடினால் ஐட்லிங்கைக் குறையுங்கள், அதற்கும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் மாற்ற வேண்டும்.

அந்தக் காலத்து எக்ஸ்எல்-12-ல் செயின் பிரேக் கிடையாது. பாரின் மேல் நுனி மரத்தில் பட்டால் ரம்பம் நேராக முகத்துக்கு எகிறும், அதைத் தடுக்க எதுவும் இல்லை. கால் பாதுகாப்பு உடை, ஹெல்மெட், காதடைப்பு போட்டு, நுனியைத் தொடாமல் கிடைவாக்கில் கிடக்கும் மரத்தை மட்டும் அறுங்கள். மரம் சாய்க்கும் வேலைக்குப் பிரேக் உள்ள புது ரம்பத்தை எடுங்கள். ஓட்டி முடித்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டர் வறண்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிளக் துளையில் நாலு சொட்டு 2டி ஆயில் விட்டுக் கயிற்றை இருமுறை இழுத்து வையுங்கள்.